அண்ணன் சொன்ன கட்டம்

ஜூலை 3, வியாழன்

மேல்காற்று. மாடியில் காயப்போட்ட யூனிஃபார்ம் பக்கத்து வீட்டு முருங்கையில் தொங்கியது. இயற்பியல் தேர்வில் 50க்கு 41. எதிர்வீட்டு சரசக்காவுக்கு ஆதார் திருத்த ஃபார்ம் எழுதிக் கொடுத்தேன். இந்தத் தெருவில் யாருக்கு எந்த ஃபார்ம் வந்தாலும் என்னிடம்தான் வருகிறார்கள். கையெழுத்து நன்றாக இருப்பதற்கு இது தண்டனை.

மத்தியானம் திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவுக்கு போன். அப்பா கடையில் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக்கொண்டிருந்தாராம். பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். செந்திலண்ணன் போன பிப்ரவரியில் இறந்துபோனது அவர்களுக்கு இப்போதுதான் தெரியுமாம். உறையவைத்ததை என்ன செய்வது என்று எழுத்தில் பதில் வேண்டுமாம்.

போன செப்டம்பரில் கீமோ தொடங்கும் முன் அண்ணனுடைய வி.அ. எடுத்து வைத்தார்கள். மருந்து ஏறிய பிறகு குழந்தை பிறக்காமல் போகலாம் என்று டாக்டர் சொன்னதால். உயிரியல் புத்தகத்தில் இனப்பெருக்கப் பாடத்தில் இருக்கும் வார்த்தைதான். எங்கள் வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை. அம்மாவுக்கு அது 'அது'. அப்பாவுக்கு 'திருச்சில இருக்கறது'.

அம்மா இன்று காலைவரை ஒரு இட்லிக்கு மேல் சாப்பிடாதவள். போன் வந்த பிறகு எழுந்து தலை சீவிக்கொண்டாள்.

"தேனுகிட்ட பேசணும். ஆடி பொறக்குறதுக்குள்ள ஆரம்பிச்சுரணும்."

தேனு, அதாவது தேன்மொழி அண்ணி. பிப்ரவரியில் அவளை 'காலு வச்ச நேரம்' என்று சொன்ன அதே வாய். எனக்கும் அவளைப் பிடிக்காது. ஆனால் நான் முதல் நாளிலிருந்தே ஒரே மாதிரிப் பிடிக்காமல் இருக்கிறேன்.

ஜூலை 5, சனி

புதுக்கோட்டை. வக்கீல் வீடு. ஆங்கிலத்தைப் படித்துச் சொல்ல நானும். காத்திருந்த இடத்தில் பழைய காலண்டர்கள் ஏழு. ஒன்றைக்கூட கிழிக்கவில்லை.

வக்கீல் வெற்றிலை போட்டுக்கொண்டே பேசினார். "பெத்தவங்களுக்கு இதுல பாத்தியதை இல்லைங்க. சம்சாரம் இருக்குது. அது சம்மதிச்சா உண்டு."

"எம் புள்ளையோடதுங்க" என்றாள் அம்மா.

"ஒங்க புள்ளையோடதுதாம்மா. பட்டா மாத்திக்கிறதுக்கு அது என்ன நெலமா?"

அப்பா வேட்டி நுனியைச் சுருட்டி, பிரித்து, சுருட்டி.

வக்கீல் சொன்னதில் குறித்துக்கொண்டவை: செத்தால் என்ன செய்வது என்று முன்பே எழுதி வாங்காமல் உறையவைக்கக் கூடாது. ஆகவே அந்தக் காகிதம் முக்கியம். மனைவியை யாரும் வற்புறுத்த முடியாது.

அப்பா மஞ்சள் பையிலிருந்து ஃபார்ம் நகலை எடுத்தார். வக்கீல் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"இந்தா இருக்கே. இறந்துபோனா மனைவிகிட்ட ஒப்படைக்கணும்னு டிக் போட்டிருக்காரே தம்பி. இதைவிட என்ன வேணும்? இதக் காட்டிப் பேசுங்க, அந்தப் புள்ள மனசு மாறும்."

அம்மா காகிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "தெரிஞ்சு வச்சுட்டுப் போயிருக்கான் எஞ்சாமி."

வால் நீண்ட டிக். மேல் வரியைத் தாண்டிப் போய் கொக்கி மாதிரி வளைந்திருக்கும். கணக்கு டீச்சர் கிண்டல் செய்யும் டிக். என்னுடையது.

 

ஜூலை 6, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எழுதாமல் வேதியியல் ஏறவில்லை.

ஃபார்ம் எழுதிய அன்று அண்ணி கீழே மருந்துக்கடை வரிசையில். அம்மா வராந்தாவில் விபூதி மடித்துக்கொண்டு. அறையில் நானும் அண்ணனும் ஒரு நர்ஸும்தான். நான்கு பக்க ஃபார்ம், எல்லாம் ஆங்கிலம். அண்ணன் கையில் ஊசி குத்தியிருந்தது. துபாயில் ஏசி மெக்கானிக்காக மூன்று வருடம் இருந்தவன், ஆங்கிலம் தெரியும். ஆனாலும் வீட்டு வழக்கப்படி பேனாவை என்னிடம் கொடுத்தான்.

கடைசிப் பக்கத்தில் 'ஒருவேளை இறந்துவிட்டால்' என்று ஒரு வரி. கீழே மூன்று கட்டங்கள்.

1. அழித்துவிடவும்.
2. மனைவியிடம் ஒப்படைக்கவும்.
3. ஆராய்ச்சிக்குக் கொடுக்கவும்.

அண்ணன் சொன்னது: "மொதக் கட்டத்துல போடு பாப்பா. அழிச்சுரட்டும். நான் இல்லாதப்ப அது எதுக்கு? தேனு சின்னப் பொண்ணு. அவள இதுல கட்டிப் போடக் கூடாது."

நான் தலையாட்டினேன். பேனா போகவில்லை.

எங்கள் வீட்டில் விளக்கை அணை என்று சொல்லக்கூடாது, அமத்து என்று சொல்ல வேண்டும். அரிசி இல்லை என்று சொல்லக்கூடாது. போறேன் என்று சொன்னால் 'போயிட்டு வாரேன்னு சொல்லுடி' என்று முதுகில் ஒன்று விழும். ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போதே அம்மா என் காதில், "பாத்து எழுது. கெட்ட வார்த்த எதுலயும் டிக் போட்றாத" என்றிருந்தாள். முதல் கட்டத்தில் டிக் போட்டால் அண்ணன் செத்துவிடுவான் என்று எனக்குத் தோன்றியது. நான் பத்தாம் வகுப்பில் அறிவியலில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.

காலியாக விட்டேன். நர்ஸ் பார்த்துவிட்டு, "ஏதாச்சும் ஒண்ணு போடும்மா, சும்மா விடக் கூடாது" என்றார். அண்ணன் கண்ணை மூடியிருந்தான். இரண்டாவதில் போட்டேன். மூன்றில் அதுதான் கொஞ்சம் மங்களமாக இருந்தது.

அண்ணன் படிக்காமல் கையெழுத்துப் போட்டான். என்னை நம்பினான். பிறகு அண்ணி வந்து அவளும் படிக்காமல் போட்டாள்.

நான் எந்தக் கட்டத்தில் டிக் போட்டிருந்தாலும் அவன் செத்திருப்பான்.

போன வருட டைரியில் அன்றைக்கே எழுதியிருக்கிறேன். ட்ரங்குப் பெட்டியில் பழைய பாவாடைக்குக் கீழே. எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும்.

ஜூலை 9, புதன்

பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது வாசலில் டாரஸ் லாரி. அண்ணியின் அண்ணன் முருகேசன் வந்திருந்தான். குன்றாண்டார்கோவிலில் பிறந்த வீட்டிலிருந்து அண்ணியை அந்த லாரியிலேயே கூட்டி வந்திருக்கிறான். அண்ணி கூடத்தில் சுவரோரம், தண்ணீர்கூடக் குடிக்காமல். சாம்பல் கலர் சுடிதார். அண்ணனுடைய கைக்கடிகாரம் அவள் கையில் பெரிதாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அது அப்பாவுக்கு வர வேண்டியது.

நான் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டது:

முருகேசன்: "ஏன் மாமா, எந்தங்கச்சி வயிறு என்ன ஒங்க வீட்டு நெல்லுக் குதிரா? நீங்க பத்திரமா வச்சிருந்தத கொட்டிவைக்க?"

அம்மா: "கட்டினவனோடதத்தானப்பா கேக்குறோம். ஊரான் வீட்டோடதயா?"

முருகேசன்: "கட்டினவரு எங்க? வரச் சொல்லுங்க, பேசிக்கிறேன்."

அப்பா: "முருகேசா. வாய அளந்து பேசு."

முருகேசன்: "நான் அளந்துதான் பேசுறேன் மாமா. பிப்ரவரில எழவு வீட்டுல நூறு சனத்துக்கு முன்னாடி இவ காலப் பத்திப் பேசுனது அத்தைதான். அந்தக் காலு இப்ப வேணுமாக்கும்? இவளுக்கு இருவத்துநாலு வயசு. இலுப்பூர்ல ஒரு எடம் கேட்டு வந்திருக்கு. வாத்தியார் வேல. கைப்புள்ளையோட எவன் கட்டுவான்?"

அம்மா: "அதுக்குள்ள எடம் பாத்தாச்சா? எம் புள்ள சாம்பல் இன்னும் சூடு ஆறல."

முருகேசன்: "ஆறுன சாம்பல்ல புள்ள தேடுறது நீங்கதான்."

அப்பா எழுந்தார். முருகேசனும் எழுந்தான். ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்காத குறை. அப்போது அம்மா ஃபார்ம் நகலை அண்ணியின் மடியில் வைத்தாள்.

"நாங்க கேக்கல ஆத்தா. அவன் எழுதி வச்சிருக்கான். ஒனக்குன்னு. நீயே படி."

அண்ணி படித்தாள். அந்த வரிக்கு வந்ததும் விரல் நின்றது. என் டிக்கின் மேல் விரலை வைத்து, வாலைத் தொட்டு, கடைசிவரை நகர்த்தினாள். சாவு வீட்டில்கூட அழாதவள் என்று நான் டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். இன்று காகிதம் நனையாமல் இருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எங்கிட்ட சொல்லவே இல்ல" என்றாள்.

"எப்படிச் சொல்லுவான்? கூச்சக்காரன்" என்றாள் அம்மா.

"இத நான் வச்சுக்கவா அத்தை?"

மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். என் டிக்கை. முருகேசன் லாரியை எடுத்த வேகத்தில் வாசல் கோலமெல்லாம் புழுதி.

கதவுக்குப் பின்னால் நிற்பது சுலபமாக இருக்கிறது. அதுதான் அசிங்கம்.

ஜூலை 11, வெள்ளி

மழை வருவது போல இருட்டி, வரவில்லை.

அன்னவாசல் பஸ் ஸ்டாப்பில் இரண்டு பெண்கள், எனக்குக் கேட்கும்படி.

"செத்தவனுக்குப் புள்ள பொறக்கப் போவுதாமே."

"ஃப்ரிட்ஜுல வச்சிருக்காகளாம். நம்ம மீனு வைக்கிறாப்புல."

"அப்ப நாளைக்கு அந்தப் புள்ளைக்கு அப்பன் யாருன்னா? ஐஸ்பெட்டின்னு சொல்லுமா?"

சிரிப்பு. திரும்பி முறைத்தேன். ஒருத்தி, "என்ன முறைக்கிற, நீதான் அத்தக்காரியாவப் போற" என்றாள். பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வந்தேன். மூன்று கிலோமீட்டர். செருப்பு வார் அறுந்தது.

வீட்டில் அம்மா பாயசம் வைத்திருந்தாள். அண்ணி போன் செய்தாளாம். சம்மதமாம். முருகேசனோடு சண்டை போட்டுவிட்டுத்தான் சம்மதித்திருக்கிறாள். "அவரு எனக்குன்னு வச்சுட்டுப் போயிருக்காரு. நான் எப்படி வேணாங்கறது?" என்றாளாம். வரும் புதன்கிழமை திருச்சி. வியாழன் ஆடி ஒன்று, அதனால் புதனே.

பாயசம் குடிக்கவில்லை. அம்மா கவனிக்கவில்லை. பரணில் தொட்டில் கம்பு தேடினாள்.

பதில் கிடைக்காத கேள்விகள்:

அ) செத்த பிறகு ஒருவனுடைய விருப்பத்துக்கு வலு உண்டா, இல்லையா? இல்லையென்றால் ஃபார்ம் எதற்கு?

ஆ) உண்டென்றால், எது விருப்பம்? வாயால் சொன்னதா, காகிதத்தில் இருப்பதா?

இ) அந்தக் குழந்தையிடம் யார் கேட்பது?

ஈ) அதற்குப் பள்ளிக்கூட ஃபார்ம் நான்தான் எழுதப் போகிறேன். தந்தை பெயர்: செந்தில்குமார். தந்தை தொழில்: ?

ஈ-யை எழுதும்போது அந்தக் குழந்தையின் முகம் தெரிந்தது. அண்ணன் மூக்கு. எனக்கும் அது வேண்டும் போலிருந்தது. யாரிடமும் சொல்ல மாட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலையில் அம்மா கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், அண்ணனின் வார்த்தைகளோடு. அம்மா நறுக்குவதை நிறுத்தவில்லை.

"ஒனக்கு அவளக் கண்டா ஆகாது. கல்யாணத்தன்னைக்கே மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தவதானே நீ."

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா?"

"அவ இந்த வீட்டுக்குத் திரும்பி வந்துருவான்னு பொறாம. அதான் கத கட்டுற. படிக்க வச்சது தப்பாப் போச்சு."

"நீதான கெட்ட வார்த்தையில டிக் போடாதன்னு சொன்ன."

கை ஓங்கினாள். அடிக்கவில்லை. கத்திரிக்காய்த் தட்டைத் தள்ளிவிட்டாள்.

"எம் புள்ள அழிக்கச் சொல்லுவானா? தன் வம்சத்த? இன்னொரு தடவ இந்தப் பேச்ச எடுத்த, நான் ஒனக்கு ஆத்தா இல்ல."

அப்பா வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறது. நான் அவரைப் பார்த்தேன்.

"சொன்னத யாரு பாத்தா பாப்பா. எழுதினதுதான் செல்லும். வக்கீலு சொன்னாருல்ல" என்றார். வாய் கொப்பளித்தார்.

அவர் நம்புகிறார். நம்பிவிட்டுத்தான் இப்படிச் சொல்கிறார். அம்மாவைவிட அவர் மேல்தான் கோபம்.

பழைய டைரியைக் காட்டலாம் என்று எழுந்தேன். கொல்லையில் வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அம்மா அதன் பக்கத்தில். உட்கார்ந்துவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. வாழ்க்கையில் முதல் முறை. புதுக்கோட்டை, கீரனூர், பிறகு ஒரு டவுன் பஸ். குன்றாண்டார்கோவிலில் இறங்கியபோது பதினொன்றரை. யூனிஃபார்மில் நின்றதால் எல்லோரும் பார்த்தார்கள்.

அண்ணி தையல் மிஷினில். யாருக்கோ ஜாக்கெட். முருகேசன் இல்லை, நல்லவேளை.

"என்ன, ஒங்க அம்மா அனுப்பிச்சாகளா? நான் பாதியில ஓடிருவேன்னு பாத்துட்டு வரச் சொன்னாகளா?"

"இல்ல. நானாத்தான் வந்தேன்."

நின்றபடியே சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை. பாதியில் மிஷின் நின்றது. முடித்ததும் மறுபடி ஓட்டினாள். ஒரு கை முழுவதும் தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"மதி, நீ என்னைய ஒரு தடவையாச்சும் அண்ணின்னு கூப்பிட்டிருக்கியா?"

கூப்பிட்டதில்லை. 

"பத்து மாசம் ஒரே வீடு. நான் தட்டுல கை வச்சா நீ எந்திரிச்சுப் போவ. அவரு ஆஸ்பத்திரில கெடக்கும்போது, 'நான் பாத்துக்கறேன், நீங்க போங்க'ன்னு என்னைய வெளிய அனுப்புவ. அந்த நாலு நிமிசம் எனக்குக் கெடைக்கல, ஒனக்குக் கெடைச்சுச்சு. இப்ப வந்து, அதுல அவரு என்னைய வேணாம்னு சொன்னாருங்கற. நான் நம்பணும்."

"வேணாம்னு சொல்லல. கட்டிப் போடக் கூடாதுன்னு சொன்னான்."

"எனக்கு அவரு எழுதி வச்சது அது ஒண்ணுதான்." பையிலிருந்து நகலை எடுத்தாள். மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது. "ஒரு லெட்டர் கெடையாது. போன்ல எல்லாம் சாப்பிட்டியா, தூங்கினியா. இது ஒண்ணு. அதையும் நீதான் போட்டேன்னு சொல்லிப் பிடுங்குற."

அவள் பேனாவை எடுத்துக் கொடுத்தாள். தையல் அளவு நோட்டில் ஒரு டிக் போட்டேன். அதே வால். அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம்.

"டிக் ஒன்னோடதுதான். எல்லா ஃபார்மும் நீதான எழுதுவ. அவரு சொல்லித்தான் போட்டியோ என்னமோ. அவரு சொன்னது வேறங்கறதுக்கு என்ன சாட்சி? நீ எல்லாத்தையும் எழுதி வைக்கிறவளாச்சே. அன்னைக்கு எழுதலையா?"

"எழுதியிருக்கேன்."

"கொண்டா."

திரும்பும் பஸ்ஸில் யோசித்தது: அந்த ஒரு பக்கத்தை மட்டும் கிழித்துக் கொடுத்தால் நேற்று உட்கார்ந்து எழுதியது என்று சொல்வார்கள். முழு டைரியாகத்தான் கொடுக்க வேண்டும். மே முதல் டிசம்பர்வரை. அதில் அவளைப் பற்றி என்னவெல்லாம் இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். அவள் சாப்பிடும்போது வரும் சத்தம். அவள் ஆங்கிலம். பட்டப்பெயர் நான்கு. ஒரு பக்கத்தில், இவள் செத்து அண்ணன் பிழைத்தால் என்ன என்று. அதுவும் இருக்கிறது.

இரவுச் சாப்பாட்டில் அம்மா என்னோடு பேசவில்லை. நாளைக்குக் கட்டப் பட்டுச்சேலை எடுத்து வைத்திருக்கிறாள்.

ஜூலை 16, புதன்

திருச்சி. ஏசி குளிர். நம்பர் 23. சுவரில் கொழுகொழு குழந்தைகள், எல்லாம் வெள்ளைக்காரக் குழந்தைகள்.

அண்ணி தனியாக வந்தாள். முருகேசன் லாரியில் கொண்டுவந்து விட்டுவிட்டு உள்ளே வரமாட்டேன் என்று போய்விட்டான். அம்மா மல்லிகைப்பூ நீட்டினாள். பிப்ரவரியில் அதே கையால் அவள் தலையிலிருந்து எடுத்தது. அண்ணி வாங்கிப் பைக்குள் போட்டாள். தலையில் வைக்கவில்லை.

அம்மா டோக்கனுக்குப் போன நேரம் டைரியைக் கொடுத்தேன். செப்டம்பர் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு நூல் வைத்திருந்தேன். அவள் நூல் இருந்த இடத்தில் திறக்கவில்லை. மே மாதத்திலிருந்து ஆரம்பித்தாள்.  ஒரு இடத்தில் நிமிர்ந்து, "எருமைன்னு எழுதியிருக்க" என்றாள். குனிந்து அடுத்த பக்கம்.

பதினேழு, பதினெட்டு என்று கூப்பிட்டார்கள்.

செப்டம்பருக்கு வந்துவிட்டாள். நான் தரையைப் பார்த்தேன். அன்றைக்கு நான் எழுதியிருந்தது அரைப் பக்கம்தான். அண்ணன் சொன்னது, நான் இரண்டாவதில் போட்டது, அவனிடம் சொல்லாதது, ஆஸ்பத்திரி கேன்டீன் காபி புளித்தது. இரண்டு தடவை படித்தாள்.

அம்மா வந்து பார்த்துவிட்டாள். "என்ன அது? என்னடி குடுத்த?"

"அவரு பேசினது அத்தை" என்றாள் அண்ணி.

23.

அம்மா முதலில் எழுந்தாள். "நீங்க இருங்க அத்தை" என்றாள் அண்ணி. என்னைப் பார்த்து, "நீ வா. ஃபார்ம் எழுதணும்ல."

உள்ளே ஆலோசனை சொல்லும் மேடம். அண்ணி டைரியைக் காட்டி விவரம் சொன்னதும் அவர் அந்தப் பக்கத்தை வாங்கிப் படித்தார். பிறகு, "எழுத்துப்படி இது ஒங்க கைக்குத்தாம்மா வருது. பயன்படுத்தறதும் வேணாங்கறதும் ஒங்க முடிவு. இன்னைக்கே சொல்லணும்னு இல்ல. யோசிச்சும் சொல்லலாம்" என்றார்.

"எனக்கு ஆசைதான் மேடம். ஆனா அவரு வேணாம்னு சொன்னத, சொல்லலைன்னு வச்சுக்கிட்டுப் பெத்துக்க முடியாது."

புது ஃபார்ம். அண்ணி பேனாவை என்னிடம் தள்ளினாள்.

"மொதக் கட்டத்துல போடு."

போட்டேன். வால் வராமல் போட முயன்றேன், வந்துவிட்டது. அண்ணி முழுவதும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

வெளியே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அண்ணியை ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம்தான். "ரெண்டு தடவ சாகக் குடுத்துட்டேன்டி அவன. ரெண்டாவது தடவ நீதான் கொன்ன." எல்லோரும் பார்த்தார்கள். அப்பா அவளை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். பட்டுச்சேலை தரையில் இழுபட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் டைரியைக் கேட்டேன்.

"தரமாட்டேன்" என்றார் அண்ணி. "அவரு பேசினது பக்கத்துக்குப் பக்கம் இருக்கு. என்னைய வஞ்சு எழுதினதும் இருக்கட்டும்."

லாரியில் ஏறிப் போய்விட்டார். டைரி மடியில்.